காளான் பொட்டலத்துக்கு வைத்த பெயர்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதுகூட அவ்வளவு சண்டை நடந்ததில்லை. காளானுக்கு நடந்தது. நாலு மாதம் நடந்தது. அந்த நாலு மாதத்தில் என் அண்ணனும் மதினியும் என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை. வயதானால் மனம் இளகிவிடும் என்கிறார்கள். என் மனம் அந்த வழிக்கே வரவில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்த அடுத்த மாதம் என் கணவர் என்னைக் கப்பலேற்றி விட்டார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். "நீ முன்னாடி போ. மில்லுக் கணக்க ஒப்படைச்சிட்டு அடுத்த கப்பல்ல வாரேன்" என்றார். அவர் அரிசி மில்லில் குமாஸ்தா. வாரத்தில் மூன்று நாள் ஆற்றுக்கு மேலே இருந்த இன்னொரு மில்லுக்குப் போய்வருவார். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்த கப்பலும் வந்தது. அவர் வரவில்லை. பிறகு கப்பலும் நின்றது, தபாலும் நின்றது. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது.

நான் புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் அன்னவாசல் வந்து, அங்கிருந்து இரண்டு மைல் நடந்து, என் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மதினி முதலில் பெட்டியைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இது மட்டுந்தானா?" என்றாள்.

ரங்கூனிலிருந்து வருகிறவர்கள் பட்டும் பவுனுமாக வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் முடிந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு என் தட்டில் விழுந்த சோறு குறைந்தது. எனக்குப் பிள்ளையும் இல்லை. "வயித்துல ஒண்ணு இருந்திருந்தா அதச் சொல்லியாவது ஒக்காந்து திங்கலாம்" என்று ஒருநாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்புக்கா சொன்னாள்? அண்ணன் காதில் விழுந்தும் விழாததுபோல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லா நேரமும் ஒரு வெற்றிலை கைவசம் இருக்கும்.

காளான் வளர்க்கும் வித்தையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனத்தி இருந்தாள். சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் தேங்குவது என்பதில் எங்களுக்குள் சண்டை. ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவள் கொல்லையில் நெல் வைக்கோலை ஊறவைத்து, முறுக்கி, அடுக்கி, கூரைக்கடியில் படுக்கைபோலப் போட்டு அதில் காளான் எடுப்பாள். வேலி இடுக்கு வழியாக ஆறு வருஷமும் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரோதியைப் பார்க்கிற அளவுக்கு உன்னிப்பாக மனுஷர் சிநேகிதரைப் பார்ப்பதில்லை. எந்தக் கையால் தண்ணீர் தெளித்தாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இங்கே வந்த இரண்டாவது வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுநாள், அண்ணனுடைய வைக்கோல் படப்புக்கு அடியில் அதே காளான் முட்டை முட்டையாகக் கிளம்பியிருப்பதைப் பார்த்தேன். மதினி அதை விளக்குமாற்றால் தள்ளப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தக் காளான் பிடித்திருந்த வைக்கோலை அப்படியே பிடுங்கி விதையாக வைத்துக்கொண்டேன். மாட்டுத் தொட்டியில் புது வைக்கோலை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கட்டுக்கட்டாக முறுக்கி, பழைய மாட்டுக் கொட்டகையில் மண்மேடை போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். இடையிடையே விதை வைக்கோலைச் செருகி, கொள்ளைப் பொடித்துத் தூவினேன்.

"மாட்டுக்கே கொள்ளு இல்லாத காலத்துல குப்பைக்குக் கொள்ளா?" என்று மதினி தெருவுக்குக் கேட்கக் கத்தினாள்.

பதினைந்து நாளில் குப்பை காய்த்தது. மொட்டு விரியும் முன்னால், விடிந்த கையோடு பறித்துவிட வேண்டும்; விரிந்தால் நாய்க்குடை என்று ஒருத்தரும் தொடமாட்டார்கள். முதல் கூடையை அன்னவாசல் சந்தைக்குக் கொண்டுபோனேன். கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த கருவாட்டுக்காரர் என் பக்கத்தில் கடை போட்டிருந்தார். "இடி இடிச்சா முளைக்கிறது. இதுக்கெல்லாமா சந்தை?" என்று தன் கருவாட்டு நாற்றத்துக்கு நடுவிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆனால் விற்றது. ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் கறி தொடமாட்டார்கள். கறிக் குழம்பின் ருசி வேண்டும், பாவமும் வரக்கூடாது என்றால் அதற்குக் காளானைவிட வேறு என்ன இருக்கிறது? அந்த நாற்பது நாளும் கூடை கூடையாக வாங்கினார்கள். மிஞ்சியதைக் கீறிக் காயவைத்தேன். காய்ந்த காளானைப் புதுக்கோட்டை டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் தன் சரக்கோடு சேர்த்து அனுப்பிப் பார்த்தார். அங்கேயும் விற்றது.

அதற்குப் பிறகு என் தட்டில் சோறு பழையபடி நிறைந்தது. அதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், அந்தக் கடைக்காரரிடம்தான். ஒருநாள் அண்ணனும் நானும் சரக்கோடு போனபோது அவர் சொன்னார்: "பொட்டலத்துல பேரு போட்டுக் கொண்டாங்க. ரப்பர் ஸ்டாம்பு ஒண்ணு அடிச்சுக்கிட்டா போதும். பேரு இல்லாத காளானத் தின்னுட்டு எவனாச்சும் வாந்தி எடுத்தா, நான் யாரக் கை காட்டுறது?"

மனுஷர் கேட்டது பழிபோட ஓர் ஆள். என் அண்ணன் காதில் அது பட்டாபிஷேகம்போல் விழுந்தது. பஸ்ஸில் திரும்பும்போதே தன் பெயரை முன்னால் போட்டு, பின்னால் 'அண்ட் கோ' என்று சேர்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"கோன்னா யாருண்ணே?" என்று கேட்டேன்.

"கோன்னா... நம்ம எல்லாருந்தான்."

"வைக்கோலு ஊறப்போடுறவ, மேடை கட்டுறவ, விடியக்காலம் பறிக்கிறவ, கீறிக் காய வைக்கிறவ, அவதான் கோவா?"

"வைக்கோலு யாருது? கொட்டகை யாருது?" என்றார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வைக்கோலும் கொட்டகையும் அவருடையவைதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. அவர் விஷயத்தில் நெய் அவருடையது, கை என்னுடையது. பெயர் மட்டும் அவருக்கே வேண்டுமாம்.

மதினி வேறொன்று சொன்னாள். குலதெய்வத்தின் பெயரை வைக்க வேண்டும் என்றாள். அது கோயில் பூசாரியின் காதுக்குப் போய், அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சாமி பேரப் போட்ட காகிதத்த வாங்குனவன் கடிச்சுக் கிழிச்சுத் தெருவுல வீசுவான். அதுமேல மாடு சாணி போடும். ஒங்களுக்குக் குடும்பம் வெளங்கணுமா, வேண்டாமா?" என்று கத்திவிட்டுப் போனார். குலதெய்வம் அன்றோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது.

பிறகு நான் என் பெயரைச் சொன்னேன். என் பெயர் என்றால், என் கணவர் பெயர். அவர் பெயர், அதற்குக் கீழே 'ரங்கூன்', அதற்குக் கீழே எங்கள் ஊர், அன்னவாசல் வழி. அதைத்தான் போட வேண்டும் என்றேன்.

கணவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரிதான் சொன்னாள். ஆனால் எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் ஜனங்களில் எழுதத் தெரிந்த பெண்கள் இருப்பார்கள் என்று இந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது. நான் நாலாவது வரை படித்தவள். பலகையில் எழுதி அண்ணன் முன்னால் வைத்தேன்.

அவர் படித்துவிட்டுப் பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"இவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"தெரியாது."

"இருக்காரா?"

நான் பலகையை நிமிர்த்தி வைத்தேன். மதினி சொன்னாள்: "ரெண்டு வருசமா ஒரு சேதி இல்ல. வந்தவுகல்லாம் வந்தாச்சு. நடந்து வந்தவுககூட வந்தாச்சு. செய்ய வேண்டியதச் செஞ்சு முடிச்சிட்டா அவளுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

செய்ய வேண்டியது என்று அவள் சொன்னது என் தாலியை இறக்குவதை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒவ்வொரு அமாவாசையும் அந்தப் பேச்சு எழும். அன்றைக்குத்தான் நான் என் மனதில் இருந்ததைப் பட்டென்று உடைத்துச் சொன்னேன். நான் ஊர் வந்து சேர்ந்தேனா, கப்பலோடு முழுகினேனா என்றே அவருக்குத் தெரியாது. கடிதம் போட முகவரி இல்லை. ஆனால் பர்மாவிலிருந்து வந்த ஜனங்கள் திருச்சியிலும் நாகப்பட்டினத்திலும் மதராஸிலும்தான் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். என் பொட்டலங்கள் அங்கேதான் போகின்றன. எங்கேயாவது ஒரு கடையில் தன் பெயரையும் கீழே என் ஊர்ப் பெயரையும் ஒன்றாகப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும், வந்துவிடுவார். எனக்கு வியாபாரத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போதும் அறையலாம்போல் இருக்கிறது.

"செத்தவனுக்குக் காளான்ல கடுதாசி போடுறியாத்தா?" என்றார்.

நான் பலகையை எடுத்து அவர் காலடியில் போட்டு உடைத்தேன். அது அவர் மகனுடைய பள்ளிக்கூடப் பலகை. அதற்கும் திட்டு வாங்கினேன்.

இப்படியே வைகாசி போய் ஆனி வந்தது. கடைக்காரர் பெயர் எங்கே, பெயர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணன், சாமியிடமே விட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி கட்டி அய்யனார் முன்னால் போடுவது. ஏதும் அறியாத ஒரு சிறுமியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அண்ணன் பெயர். சிவப்பு வந்தால் என் கணவர் பெயர். நான் ஒத்துக்கொண்டேன். கல்யாணம், பாகப்பிரிவினை, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் அந்தக் கோயிலில் அப்படித்தான் கேட்போம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூவைக் கட்டினது மதினி. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பூசாரி பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

மற்றதை நான் எடுத்துப் பிரிப்பதற்குள் பூசாரி அதைக் குளத்தில் போட்டுவிட்டார். எடுக்காத பூவைப் பார்க்கக்கூடாதாம். அதிலும் வெள்ளைதான் இருந்தது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். சந்தேகம் என்ன, நிச்சயம்தான்.

கோயிலில் வைத்தே சொன்னேன்: "சரிண்ணே. சாமி சொல்லிருச்சு. பேரு உங்களுது. அப்ப வேலையும் உங்களுதுதான். நான் நாளையிலேருந்து களை எடுக்கப் போறேன்."

"போ. நீ இல்லாட்டி வைக்கோலு மொளைக்காதா?" என்றார்.

சொன்னபடியே போனேன். அடுத்தவர் வயலில் குனிந்து களை எடுத்தேன். மதியம் கூலியாகக் கொடுத்த கம்மங்கூழைக் குடித்தேன். வீட்டில் அண்ணனும் மதினியும் புதுப் படுக்கை போட்டார்கள். நான் செய்ததை மாதக்கணக்கில் பார்த்திருந்ததால் எல்லாம் சரியாகவே செய்தார்கள். வைக்கோல் ஊறியது, முறுக்கினார்கள், அடுக்கினார்கள். அந்த வெள்ளிக்கிழமை, அண்ணன் பெயரில் தொழில் தொடங்கும் நாள் என்று மதினி கொட்டகையைப் பெருக்கினாள். ஒரு குடம் சாணித் தண்ணீர் கரைத்தாள். தரையில் தெளித்தாள். படுக்கைகள் மேலும் தாராளமாகத் தெளித்தாள். எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் சாணி தெளிக்காமல் ஆரம்பிக்கமாட்டோம். நாலு மூலையிலும் கோலம் போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, விழுந்து கும்பிட்டாள்.

களைக்குக் கிளம்பிய நான் வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரங்கூன் சீனத்தி தன் படுக்கைப் பக்கம் ஒரு கோழியைக்கூட விடமாட்டாள். சாணமோ எச்சமோ பட்ட வைக்கோலில் நல்ல காளான் வராது, வேறொரு சனியன் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் ஒருமுறை அப்படி ஒரு படுக்கையையே வாரி வெளியே கொட்டித் தலையில் அடித்துக்கொண்டதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து மனதாரச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறந்து போய்ச் சொல்லாமல் விட்டேன் என்று யாராவது நினைத்தால், அப்படி இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

பத்தாம் நாள் கொட்டகை நிறைய வந்தது. ஒல்லி ஒல்லியாக, நெட்டை நெட்டையாக, சாம்பல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. மதினிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அவ போட்டப்பகூட இம்புட்டு வரல" என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அண்ணன் இரண்டு கூடை பறித்து ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, காலை பஸ்ஸுக்கே டவுனுக்குப் புறப்பட்டார். அந்தக் காளான் வெயில் ஏற ஏறத் தானாகவே உருகி மையாகிவிடும். அது அவருக்குத் தெரியாது. பஸ்ஸும் அன்றைக்குக் கரி பிடிக்காமல் பாதி வழியில் நின்று, மதியம்தான் போய்ச் சேர்ந்தது. கடை வாசலில் கூடையைத் திறந்தால் கறுப்புக் கூழ். அவர் மடியெல்லாம் கறுப்பு. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளை விட்டுச் சாக்கடையில் கொட்டச் சொன்னாராம். "நல்ல வேளை, இதுல ஒங்க பேரு போடல" என்றும் சொன்னாராம்.

இதையெல்லாம் அண்ணனே வந்து சொல்லவில்லை. பஸ்ஸில் கூடப் போனவர் வந்து ஊர் முழுக்கச் சொன்னார். அண்ணன் வெறும் கூடைகளை என் முன்னால் எறிந்தார்.

"எழுது. ஒன் புருசன் பேரையே எழுதித் தொலை" என்றார்.

"சாமி கோவிச்சுக்குமேண்ணே" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

டவுன் கடைத்தெருவில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர் இருந்தார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் ஸ்டாம்பு வந்தது. ஊதா மையில் தொட்டு முதல் காகிதத்தில் அழுத்தி எடுத்தேன். அவர் பெயர், ரங்கூன், எங்கள் ஊர். மை கொஞ்சம் பரவியிருந்தாலும் தெளிவாகப் படிக்க முடிந்தது. நான் அழுதேன். மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. பழைய மரியாதை என்று எண்ணிவிடாதீர்கள். காரணம் இன்னும் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

இரண்டு வருஷம் பொட்டலங்கள் போயின. ஒவ்வொரு காகிதத்திலும் நானேதான் ஸ்டாம்பு அடித்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. கோணலாக விழுந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பேன். காகிதப் பஞ்சக் காலத்தில் இது என்ன திமிர் என்று அண்ணன் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். தன் பெயரைக் கோணலாகப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்தது. பர்மாவுக்குப் போனவர்களில் செத்தவர்கள் என்று காரியம் செய்யப்பட்ட இரண்டு பேர் எங்கள் பக்கத்து ஊர்களில் உயிரோடு வந்து நின்றார்கள். அதைக் கேட்ட அன்று மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாலிப் பேச்சை அதோடு விட்டாள். வாசலில் யார் கூப்பிட்டாலும் நான்தான் முதலில் எழுந்து போவேன்.

நாற்பத்தாறாம் வருஷம் ஆடியில் ஒருநாள் காலை, பறித்து முடித்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். படலைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். சேலைதான் கட்டியிருந்தாள், ஆனால் கட்டு நம்மூர்க் கட்டு இல்லை. கன்ன எலும்பு தூக்கிய பர்மா முகம். இடது கையில் ஒரு பெண்பிள்ளையைப் பிடித்திருந்தாள். வலது கையில் நாலாக மடித்த காகிதம். ஊதா மை மடிப்பில் அழிந்திருந்தாலும், தூரத்திலேயே எனக்கு என் ஸ்டாம்பு தெரிந்துவிட்டது.

அவள் அந்தக் காகிதத்தைப் பிரித்துக் காட்டி, என் கணவர் பெயரைச் சொன்னாள். முழுப்பெயரையும், எங்கேயும் தயங்காமல், தினமும் கூப்பிட்டுப் பழகிய வாயோடு சொன்னாள். சொல்லிவிட்டு, "வீட்ல இருக்காரா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய நான் என் வாயில் வைத்துப் பார்க்காத பெயர். எனக்கு முதலில் வந்த கோபம் அதற்காகத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

"நீ யாரு?" என்றேன்.

"அவரு சம்சாரம்." அப்பா தமிழ் ஆள், அம்மா பர்மாக்காரி என்றாள். மேல் மில்லுக்குப் பக்கத்தில் வீடு என்றாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே வருவார் என்றாள். குண்டு விழுந்த பிறகு, ரங்கூன் வீட்டைக் காலி செய்துவிட்டு நேராக அவளிடம் வந்தாராம். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூவரும் நடந்தே கிளம்பினார்களாம். மலைவழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு ஆற்றுத்துறையில் தோணிக்கு இடித்துக்கொண்ட கூட்டத்தில் அவளும் பிள்ளையும் ஏறிவிட்டார்கள், அவர் கரையில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம். அந்த வீட்டுக்கு வாங்கிவந்த காளான் பொட்டலத்தில் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

எனக்கு மில்லுக் கணக்கு, அவளுக்கு நடைவழித் துணை. அடுத்த கப்பல் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டு நின்றதை நினைத்தேன். அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தேன். மேடான அந்த நெற்றி யாருடையது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் பணிவாக, "நீங்கதானுங்களா அந்தத் தங்கச்சி?" என்று கேட்டாள்.

"எந்தத் தங்கச்சி?"

"ரங்கூன் வீட்ல தங்கச்சி இருக்கு, கல்யாணம் ஆகல, அதத் தனியா விட முடியாதுன்னு சொல்வாரு. அதான் நாலு நாளு அங்கிட்டு இருக்கணும்பாரு."

நான் ரவிக்கைக்குள் கையை விட்டுத் தாலியை இழுத்து வெளியே போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மெதுவாக வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அவள் கழுத்திலும் ஒன்று கிடந்தது, மஞ்சள் கயிற்றில். அவள் அதை எடுத்துக் காட்டவில்லை. நானும் அதிகம் பார்க்கவில்லை.

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப அவரு இங்கயும் வரலையா?"

'இங்கயும்' என்றாள். அவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று எழுந்த என் கை அந்தச் சொல்லில் நின்றுவிட்டது. அதுவரை, அவர் இன்னொருத்தியோடு எங்கேயோ சுகமாக இருக்கிறார் என்றாவது நான் வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். அவர் என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.

பிள்ளைக்கு மட்டும் சோறு போட்டேன். அவளுக்குப் போடவில்லை. மதினிதான் ஒரு சொம்பில் நீச்சத்தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். எனக்கு ஒரு நாளும் வைக்காத கை.

அண்ணன் என் அருகில் வந்து நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தி, சின்ன வயதில் என்னிடம் பேசுவதுபோல், "ஸ்டாம்ப மாத்திருவோமாத்தா? ஒன் பேரையே போட்டுருவோம். இல்லாட்டி ஒண்ணுமே போட வேண்டாம்" என்றார்.

அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காய்ந்த காளான் குவியலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மைப் பெட்டியைத் திறந்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"மாத்த வேணாம்ணே. அந்தப் பேரே இருக்கட்டும். இன்னும் எத்தன பேரு வாராளுகன்னு பாத்துருவோம்."